பெயர் காலியாக இருந்தால்

கல்லறைத் திருநாளன்று காலையில் ஒரு மனுஷி நிம்மதியாக ஒரு தோசை சாப்பிடக் கூடாதா? இரண்டாவது விள்ளல் வாய்க்குப் போவதற்குள் சோஃபியாவின் போன் வந்துவிட்டது. சோஃபியா எங்கள் லிங்கராஜபுரம் சர்ச்சின் பங்கு ஆபீஸில் கிளார்க். நல்ல பெண்தான், ஆனால் எதையும் நேராகச் சொல்ல வராது. என் உடம்பு, என் வீட்டுக்காரர் உடம்பு, நேற்றைய மழை எல்லாவற்றையும் விசாரித்து முடித்துவிட்டு, "மௌரீன் அக்கா, லிஸ்ட் ரெண்டு பக்கத்தோட நின்னுடுச்சு" என்றாள்.

"எந்த லிஸ்ட்?"

"செத்தவங்க லிஸ்ட்தான்."

தோசையை அப்படியே மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வேறு என்ன செய்வது? அந்தப் பட்டியலை அச்சடிக்கும் புரோகிராமை எழுதியது நான். பதினாலு வருஷத்துக்கு முன்னால், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி, "நான் எழுதித் தரேன் ஃபாதர்" என்று நானாகவே போய் வாயைக் கொடுத்தேன். அன்றிலிருந்து நவம்பர் வந்தால் என் பிழைப்பு இப்படித்தான்.

எங்கள் பங்கில் கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் நாலரை மணிக்கு எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடுவோம். ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பதற்கு முன்னால், ஒவ்வொரு குடும்பத்திலும் இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். இதற்காக அக்டோபர் முழுக்க ஆபீஸில் ஃபாரம் கொடுப்பார்கள். இறந்தவர் பெயருக்கு ஒரு கட்டம், என்ன உறவு என்பதற்கு ஒரு கட்டம். இந்த வருஷம் முந்நூற்றுப் பதினொரு குடும்பம், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பெயர். வாசித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். கால் வலித்தாலும் ஒருவரும் நகர மாட்டார்கள். தன் வீட்டுப் பெயர் ஒன்று விட்டுப்போனால் போதும், அடுத்த ஈஸ்டர் வரைக்கும் ஃபாதர் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட பட்டியல் முப்பத்தெட்டாவது குடும்பத்தோடு நின்றுவிட்டது. என் அம்மாவுடைய பெயர் இருநூறுக்கு மேலே எங்கேயோ இருந்தது.

போகும் வழியிலேயே எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. அதை விளங்கும்படி சொல்கிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் எங்கே முடிகிறது, அடுத்த பெயர் எங்கே தொடங்குகிறது என்று தானாகத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். சிலர் எல்லாப் பெயருக்கும் ஒரே அளவில் ஐம்பது இடம் ஒதுக்கிவிடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது சரிப்படாது. ஒருவர் பெயர் ரோஸ் என்று இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் மரிய அந்தோணி சவரிமுத்து செபஸ்தியான் என்று இருப்பார். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதிவிடுவேன். ரோஸ் என்றால் ஆங்கிலத்தில் நாலு எழுத்து. முதலில் நாலு என்ற எண், பிறகு பெயர். படிக்கிற புரோகிராம் எண்ணைப் பார்க்கும், அத்தனை எழுத்தை எடுக்கும், அடுத்த எண்ணுக்குப் போகும். பட்டியல் முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடைசியில் ஒரு பூஜ்யம் வைத்தேன். நீளம் பூஜ்யம் என்றால் நிறுத்து. பெயரே இல்லாமல் யார் சாகப்போகிறார்கள் என்பது என் கணக்கு.

ஆகவே நடுவில் எங்கேயோ ஒரு பூஜ்யம் புகுந்திருக்கிறது. யாரோ ஒரு பெயரைக் காலியாக விட்டிருக்கிறார்கள். புரோகிராம் அதைப் பார்த்ததும் பட்டியல் முடிந்ததென்று கடையைச் சாத்திவிட்டது.

ஆபீஸில் போய்த் திறந்து பார்த்தால் நான் சொன்னது சொன்னபடி இருந்தது. முப்பத்தெட்டாவது குடும்பத்தில் 'டிரேவர், கணவர்' என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில் உறவு 'மகன்'. பெயர் காலி.

"சோஃபியா, கண்ணை எங்கடி வச்சிருந்தே?"

"ஃபாரத்துலயே காலிதான்க்கா. நானா என்ன எழுதறது?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குக் கோபம் அபினவ் மேல் வந்தது. அவன் என் கம்பெனியில் என் டீமில் இருப்பவன். ஜூனில் பங்கு ஆபீஸின் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. புதியதில் என் பழைய டைப் செய்யும் ஸ்கிரீன் ஓடவில்லை. எனக்கு நேரம் இல்லாததால், பெயர்களை ஏற்றும் பகுதியை மட்டும் அபினவைப் புதிதாக எழுதச் சொல்லியிருந்தேன். படித்து அச்சடிக்கும் பகுதி என்னுடைய பழையதுதான். உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"காலிப் பேரை எப்படி உள்ள விட்டே நீ?"

"மேடம், ஃபாரம் காலியா இருந்தா காலியாத்தானே எழுதணும்? நீங்க குடுத்த டாக்குமென்ட்ல அதுக்கு என்ன பண்ணணும்னு ஒண்ணும் போடலையே."

"அதையெல்லாம் எழுதிக் குடுத்தாத்தான் தெரியுமா? என் பழைய ஸ்கிரீன்ல பேர் காலியா இருந்தா அந்த வரியே ஏறாது. அன்னைக்கே அடைச்சு வச்சிருந்தேன். பதினாலு வருஷம் ஒரு பிரச்சினை வந்திருக்குமா?"

"அப்ப டைப் பண்றவங்களுக்கு வரி ஏறலன்னு ஏதாவது காட்டுமா மேடம்?"

"என்னத்தக் காட்டறது? காலியைத் தூக்கிப்போட்டேன்னு தண்டோரா போடணுமா?"

"சரி மேடம், சாரி" என்று வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கையைப் பிடித்து எழுதவைக்க வேண்டியிருக்கிறதே என்று சோஃபியாவிடம் ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினேன். பிறகு அந்தக் காலி வரியை அழித்துவிட்டு அச்சடிக்கக் கொடுத்தேன். முந்நூற்றுப் பதினொரு குடும்பமும் கடகடவென்று வந்து விழுந்தன. அம்மா பெயர் இருந்தது. மணி பத்தே முக்கால்தான். வீட்டுக்குப் போய் அந்த ஆறிப்போன தோசையைச் சாப்பிடலாம்.

கிளம்பும்போதுதான், "அந்தக் குடும்பத்துக்கு ஒரு போன் போட்டுப் பேர் என்னன்னு கேட்டுடு, பாவம்" என்று சோஃபியாவிடம் சொன்னேன். போன் போட்டாள். பத்து நிமிஷத்தில் அந்தம்மாவே குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

குளோரியா ஆன்ட்டியை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது இருக்கும். அவர் கணவர் டிரேவர் அங்கிள் மார்ச்சில் தவறிவிட்டார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன்.

"ஆன்ட்டி, மகன்னு எழுதியிருக்கீங்க. பேர் விட்டுட்டீங்க" என்றேன்.

"விடலம்மா. பேர் இல்ல."

"இல்லன்னா?"

"வைக்கல. பொறக்கும்போதே உயிர் இல்ல. முப்பத்தொம்போது வருஷம் ஆச்சு. என் கண்ணுல காட்டக்கூட இல்ல. அவருதான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாரு. எங்க பொதச்சாருன்னு நானும் கேட்கல, அவரும் சொல்லல."

சோஃபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்ப ஒரு பேர் வச்சிடலாமே ஆன்ட்டி. நல்லதா ஒண்ணு சொல்லுங்க, நான் டைப் பண்ணிடறேன்."

"இப்ப வச்சா அது வேற பிள்ளை ஆயிடும் கண்ணு. என் பிள்ளைக்குப் பேர் கிடையாது."

எனக்கு இரக்கம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பசியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது, வேலை முடிந்ததென்று எழுந்தவளை மறுபடி உட்காரவைக்கிறார்களே என்ற அலுப்பும் இருந்தது. "பேர் இல்லாம வாசிக்க முடியாது ஆன்ட்டி. கம்ப்யூட்டர் எடுக்காது" என்றேன்.

அவர் வாதாடவில்லை. தலையை ஆட்டினார். "தெரியும்மா. வருஷா வருஷம் அப்படித்தானே. எட்டு வருஷமா எழுதிக் குடுக்கிறோம், ஒரு தடவைகூட வாசிச்சதில்ல. முன்னாடி இருந்த ஃபாதர் ஒருத்தரு, ஞானஸ்நானம் வாங்காம போன பிள்ளைங்களுக்கும் வேண்டிக்கலாம்னு பிரசங்கத்துல சொன்னாரு. அதைக் கேட்டுட்டு அன்னைக்கே இவரு வந்து எழுதிக் குடுத்தாரு. அப்புறம் பாத்தா வாசிக்கல. சொல்றது ஒண்ணு, செய்யறது ஒண்ணு போலன்னு விட்டுட்டோம். ஆனாலும் வருஷம் தவறாம எழுதுவாரு. இந்த வருஷம் அவரு இல்லையே, அதான் நான் எழுதினேன். பரவால்ல. அவரு பேரையாவது சரியா வாசிக்கச் சொல்லு."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு வருஷம். நான் சோஃபியாவைப் பார்த்தேன். அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். எங்கள் ஆபீஸில் ஒன்று மட்டும் ஒழுங்கு, எந்தக் காகிதத்தையும் தூக்கிப்போட மாட்டார்கள். ஒவ்வொரு வருஷக் கட்டையும் அவிழ்த்து அந்த வீட்டு ஃபாரத்தை உருவி மேஜையில் வரிசையாக வைத்தாள். இந்த வருஷத்தையும் சேர்த்து ஒன்பது. பழைய எட்டும் டிரேவர் அங்கிளின் கையெழுத்து. அச்சுக் கோத்த மாதிரி நேரான எழுத்து, கடைசி இரண்டில் மட்டும் கை நடுங்கியிருந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி பெயர். எல்லாவற்றுக்கும் கீழே உறவுக் கட்டத்தில் 'மகன்'. பெயர்க் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

"மூணு வருஷம் பழைய ஸ்கிரீன்ல நானும் டைப் பண்ணியிருக்கேன்க்கா" என்றாள் சோஃபியா. "மகன்னு அடிச்சு என்டர் தட்டுவேன். வரி மறைஞ்சிடும். ஏறிடுச்சுன்னு நெனச்சுக்குவேன்."

"ஃபாதர் யாராவது அதை எடுக்கச் சொன்னாங்களா?"

"எந்த ஃபாதரும் லிஸ்டைப் பாக்கவே மாட்டாங்க. ஃபாரத்துல இருக்கறதை அப்படியே ஏத்தணும்னுதான் ரூல்."

யேசு மரி சூசையே. ஃபாதரும் தள்ளவில்லை, கோயிலும் தள்ளவில்லை. தள்ளினது நான். பெயர் காலியாக இருந்தால் விட்டுவிடு. ஒரே ஒரு வரி. எழுதிய நாளில் அதை ஜாக்கிரதை என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் முன்னால்கூட அதைச் சொல்லித்தானே அபினவிடம் பீற்றிக்கொண்டேன். அவன் எழுதியது ஒழுங்கு. காலியைக் காலி என்றே எழுதியிருந்தான், அவ்வளவுதான். இன்று காலை நானும் என்ன செய்தேன்? அதே வரியை ஒன்பதாவது தடவையாக என் கையாலேயே அழித்தேன். எனக்கு என்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது.

"பேனாவால எழுதிக்கலாமேக்கா" என்றாள் சோஃபியா.

எழுதியிருக்கலாம். இந்த வருஷத்துக்கு அது போதும். ஆனால் அடுத்த வருஷம் வேறு யாரோ பேனா எடுக்க மறப்பார்கள். அதுவும் தவிர, எட்டு வருஷம் நான் தூக்கியெறிந்ததைக் கடைசியில் ஒரு ஓரத்தில் கிறுக்கிச் சேர்ப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அபினவுக்கு மறுபடி போன் போட்டேன்.

"தப்பு உன்மேல இல்ல, என்மேல. காலையில கத்தினதை மனசுல வச்சுக்காதே. இப்ப ஒரு உதவி பண்ணு."

விஷயத்தைக் கேட்டதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் செய்யச் சொன்னது இதுதான். பட்டியலின் தலையில் மொத்தம் எத்தனை பெயர் என்று எழுது. படிக்கிறபோது அத்தனை பெயரையும் எண்ணிப் படிக்கிறேன். நடுவில் பூஜ்யம் வந்தால் அது முடிவு இல்லை. எழுத்தே இல்லாத ஒரு பெயர், அவ்வளவுதான். அதற்கு உரிய வரியை அச்சடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எழுதும் பக்கத்தை அவன் மாற்றினான், படிக்கும் பக்கத்தை நான் மாற்றினேன். சொன்னால் வெட்கக்கேடு, என் பக்கத்தில் மாறியது பதினோரு வரி. இந்தப் பதினோரு வரியைப் பதினாலு வருஷத்தில் எந்தச் சனிக்கிழமையும் எழுதியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அழித்த வரியை சோஃபியா மறுபடி ஏற்றினாள். மூன்று மணிக்குள் முழுப் பட்டியலும் வந்துவிட்டது. முப்பத்தெட்டாவது குடும்பத்தில், டிரேவர் அங்கிளுக்குக் கீழே, பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக, பக்கத்தில் 'மகன்' என்று இருந்தது. அதற்குப் பிறகு முப்பத்தொன்பதாவது குடும்பம் ஒழுங்காகத் தொடர்ந்தது.

கல்லறைத் தோட்டத்தில் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மெழுகுவர்த்தியைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு ஜனம் நின்றது. பெயர் வாசிப்பவர் யூஜின் சார், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர், பாடம் நடத்துகிற அதே குரல். மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மௌரீன், இங்க ஒரு பேர் விட்டுப்போச்சும்மா."

"விட்டுப்போகல சார். 'மகன்'னு மட்டும் வாசிங்க."

"பேர் இல்லாம எப்படி வாசிக்கறது?"

"எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிறபடி வாசிங்க சார். தயவுசெஞ்சு ஒண்ணும் சேர்க்காதீங்க, ஒண்ணும் எடுக்காதீங்க."

அவர் பட்டியலை மடித்துக்கொண்டு மைக் பக்கம் போனார். பிரார்த்தனை முடிந்து பட்டியல் தொடங்கியது. நான் கூட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு போய் குளோரியா ஆன்ட்டிக்குப் பின்னால் நின்றேன். அவர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டாவது குடும்பம் வந்தது. மாமனார், மாமியார், கொழுந்தன் பெயர்களை வாசித்தார். "டிரேவர், கணவர்" என்றார். ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். அவர் கணக்குக்கு அதோடு முடிந்துவிட்டது.

யூஜின் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மகன்" என்றார். பிறகு முப்பத்தொன்பதாவது குடும்பத்துக்குப் போனார்.

ஆன்ட்டி திரும்பி யாரையோ தேடினார். நான்தான் நின்றிருந்தேன். "மகன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி."

"என் மகனா?"

"உங்க மகன்தான்."

அவர் அழவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு கடைசிக் குடும்பம் வரைக்கும் அப்படியே நின்றார். நானும் நின்றேன். எனக்கு என் அம்மா பெயர் வந்ததுகூடக் காதில் சரியாக விழவில்லை. தள்ளினது நான்தான் என்று ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்லப்போகிறோம் என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லாமல் விட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. இந்த ஃபாதர் நல்லவர், ஒத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டு போவார். ஆனால் அதற்கு முன்பு இருந்த ஃபாதர்களையெல்லாம் அவர் எட்டு வருஷம் மனசுக்குள் திட்டியிருப்பாரே.

தீர்த்தம் தெளித்து முடிந்து கூட்டம் கலையும்போது சொல்லிவிட்டேன். "ஆன்ட்டி, கோயில்ல யாரும் உங்க பிள்ளையைத் தள்ளல. அந்த லிஸ்ட் போடற புரோகிராம் என்னுது. பேர் காலியா இருந்தா அந்த வரியை எடுத்துடற மாதிரி நான் எழுதி வச்சிருந்தேன். அதான் எட்டு வருஷமும் வரல. ஃபாதருங்களுக்கு இது தெரியவே தெரியாது."

அவர் கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது எனக்கு.

"இவரு வருஷா வருஷம் கடைசிப் பேர் வரைக்கும் நிப்பாரு" என்றார் மெதுவாக. "வேற எங்கயாவது மாத்தி எழுதியிருப்பாங்க, இரு, இருன்னு சொல்வாரு. போன வருஷம் நிக்க முடியாம ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. மார்ச்சுல ஆஸ்பத்திரியில கடைசி எண்ணெய் பூசி அவஸ்தை குடுக்க ஃபாதர் வந்தாரு. இவரு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. 'என் பிள்ளையை வேணாம்னவங்க எனக்கும் வேணாம்'னு சொல்லிட்டாரு. நான் கெஞ்சினேன். ஃபாதர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடிட்டுப் போயிட்டாரு. அவஸ்தை வாங்காமத்தான் போனாரு."

மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்து வாயில் வைக்கக்கூட எனக்குக் கூசியது.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். தையல் டீச்சர் கை, கெட்டிப் பிடி. "வா" என்று இழுத்துக்கொண்டு நடந்தார். இரண்டு வரிசை தாண்டி ஒரு மண் குவியல், அதன்மேல் செவ்வந்திப் பூ. இன்னும் கல் வைக்கவில்லை, மரச் சிலுவைதான்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்ட சொல்லு."

"ஆன்ட்டி..."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. நான் சொன்னா ஏதாவது மாத்திச் சொல்லிடுவேன். நீயே சொல்லு."

சுற்றிலும் ஆட்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த மண்ணைப் பார்த்து நின்றேன். "டிரேவர் அங்கிள்" என்றேன். "நான் மௌரீன். கோயில்ல யாரும் உங்க பிள்ளையை வேணாம்னு சொல்லல. எட்டு வருஷமும் நீங்க சரியாத்தான் எழுதிக் குடுத்தீங்க. நான்தான் எடுத்துட்டேன்."

"சத்தமா சொல்லும்மா" என்றார் குளோரியா ஆன்ட்டி. "அவருக்குக் காது மந்தம்."

நான் குனிந்து, மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.